வந்து வந்து போகும் ஆயில் விளக்கு

கார் ஓடிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், பாதுகாப்பாக ஒதுங்க இடம் கிடைத்ததும் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, வீட்டுக்கே போய்விடலாம் என்ற கணக்கு இந்த ஒரு விளக்கிடம் வேண்டாம். பெரும்பாலான கார்களில் இதை எரியவைக்கும் சுவிட்ச் 0.2 முதல் 0.5 பார் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. சூடேறிய என்ஜின் நெடுஞ்சாலையில் ஓடும்போது இருக்க வேண்டியது 3 பார், 4 பார். அப்படியானால், விளக்கு எரியும் நேரத்தில் அழுத்தம் கிட்டத்தட்ட தீர்ந்தே போயிருக்கிறது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். அதன் பிறகு என்ஜின் பிழைப்பது நிமிடக் கணக்கில்தான்.

விளக்கு நிலையாக எரிந்தால் யாரும் குழம்ப மாட்டார்கள். சிக்கல், வந்து வந்து போகும் விளக்கால்தான். சிக்னலில் நிற்கும்போது மினுக்குகிறது. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அணைகிறது. வொர்க்‌ஷாப்புக்குப் போனால் எரியவே மாட்டேன் என்கிறது. அங்கே இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும்: “சென்சார்தான் சார், மாத்திடலாம்” அல்லது “என்ஜின் இறக்கிப் பார்க்கணும் சார்”. முதலாவது சில நூறு ரூபாயில் முடிவது, இரண்டாவது லட்சத்தைத் தொடக்கூடியது. இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆனால் அழுத்தத்தை அளக்காமல் சொல்லப்பட்டால் இரண்டும் ஊகமே. ஊகத்தின் பேரில் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். என்ஜினின் அடியில் உள்ள சம்ப்பில் ஆயில் தேங்கி நிற்கிறது. அதற்குள் மூழ்கியிருக்கும் ஸ்ட்ரெய்னர் என்ற கம்பிவலை வழியாகப் பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டருக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து என்ஜின் பிளாக்கின் நீளவாட்டுக் குழாய்க்குப் போய், கிராங்க் பேரிங்குகள், கனெக்டிங் ராடு பேரிங்குகள், மேலே கேம்ஷாஃப்ட் என்று பிரிந்து, எல்லாம் முடிந்து மறுபடி சம்ப்புக்கே வடிகிறது. அழுத்தம் அளவுமீறினால் திறந்துவிட ரிலீஃப் வால்வு ஒன்று உண்டு. பம்ப்பின் வேலை ஆயிலைத் தள்ளுவது மட்டும். தள்ளப்பட்ட ஆயில் பேரிங்கின் நுண்ணிய இடைவெளிகளில் புகுந்து வெளியேறத் திணறும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரே பைப்பில் ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சுகிறது. ஐந்தையும் திறந்தால் எல்லாவற்றிலும் ஒழுகுகிறது. பேரிங் தேய்வது கூடுதலாகக் குழாய்களைத் திறந்துவிடுவதற்குச் சமம். நல்ல என்ஜினில் அந்த இடைவெளி சுமாராக 0.02 முதல் 0.06 மில்லிமீட்டர். அது இருமடங்கானால் வழியே கசியும் ஆயில் எட்டு மடங்காகும், ஏனென்றால் கசிவு இடைவெளியின் கன அளவில் ஏறுகிறது.

இன்னொரு பக்கம் ஆயிலின் தடிப்பு. 5W-30 ஆயில் 100 டிகிரியில் இருக்கும்போது, 40 டிகிரியில் இருந்த தடிப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். பம்ப்போ கிராங்கின் வேகத்துக்கு ஏற்பத்தான் தள்ளும். ஆகவே ஆயில் நன்றாகச் சூடேறி, என்ஜின் ஐடிலில் நிற்கும் நேரம்தான் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும் நேரம். நீண்ட தூரம் ஓட்டிவிட்டு டோல்கேட்டில் நிற்கும்போது விளக்கு மினுக்குவது இதனால்தான். எந்தக் குறையும் முதலில் தலைகாட்டுவது அங்கேதான்.

விளக்கு எப்போது எரிகிறது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் நீங்கள் கொண்டுபோகக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான். பக்கத்தில் இருப்பவரை விட்டு மீட்டரை மொபைலில் படம் எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் எரிந்து அணைகிறதா? ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் வால்வு பழுதாகி, இரவெல்லாம் ஆயில் சம்ப்புக்கு வடிந்துபோயிருக்கலாம். விலை குறைந்த போலி ஃபில்டர்களில் இது சாதாரணம். வளைவில் திரும்பும்போதோ சடன் பிரேக் போடும்போதோ எரிகிறதா? ஆயில் குறைவு; ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சுகிறது. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் சம்பந்தமில்லாமல் மினுக்குகிறதா? ஒயரைச் சந்தேகியுங்கள். சூடான ஐடிலில் மட்டுமா? பேரிங், பம்ப், ஆயிலின் தடிப்பு, சுவிட்ச் என்று பட்டியல் நீளும். வேகமாக நெடுநேரம் ஓட்டிய பிறகு எரிந்து, வண்டியை அணைத்துச் சற்று நேரம் விட்டால் சரியாகிவிடுகிறதா? இது தனிக் கதை. பின்னால் வருகிறேன்.

அடுத்தது டிப்ஸ்டிக். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அணைத்து, ஐந்து பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றுங்கள்; எங்கே போனது என்பதையும் தேடுங்கள். அளவு கூடியிருந்தால் அது இன்னும் கவனிக்க வேண்டியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததிலிருந்து நம் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யக் கூடுதல் டீசல் பீய்ச்சப்படுகிறது. தினமும் நகருக்குள்ளேயே சிறு தூரம் ஓடும் வண்டியில் இந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோய், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறும். அதன் தடிப்பு இறங்கும். முகர்ந்து பார்த்தாலே டீசல் வாடை தெரியும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் என்ஜின்களிலும் இதே தொல்லை உண்டு. அளவு மிக அதிகமாகிவிட்டால் சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையால் அழுத்தம் தர முடியாது. ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் கூலண்ட் கலந்திருக்கிறது. அப்போது பிரஷர் வேலையை நிறுத்திவிட்டு ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

பிறகு மின்சாரப் பக்கம். சாதாரண ஆயில் சுவிட்சுக்கு ஒரே ஒரு ஒயர். அழுத்தம் இல்லாதபோது அது ஒயரை என்ஜின் பாடியோடு எர்த் செய்கிறது, விளக்கு எரிகிறது. அழுத்தம் வந்ததும் தொடர்பு துண்டிக்கப்பட்டு அணைகிறது. சாவியை ஆன் செய்ததும் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் இத்தனை நாள் காவல் இல்லாமலே ஓட்டியிருக்கிறீர்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாவி ஆனில் இருக்க, சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்த ஒயர் எங்கோ தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது. கணினி வழியாக விளக்கை இயக்கும் புதிய வண்டிகளில் இந்தச் சோதனை பொருந்தாமல் போகலாம். அங்கே ஸ்கேனர் வேண்டும். பி0520 முதல் பி0523 வரையிலான கோடுகள் சென்சாரையும் அதன் மின்சுற்றையும் சுட்டுகின்றன. பி0524 என்றால் அழுத்தமே குறைவு என்று கணினி கருதுகிறது. கோடு பதிவான நொடியில் என்ஜின் வேகம், வெப்பம் என்னவாக இருந்தன என்பதும் கூடவே பதிவாகியிருக்கும். அதையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பலர் பார்க்காமலே அழித்துவிடுகிறார்கள். சுவிட்சின் பிளக்குக்குள் ஆயில் ஊறியிருந்தால் சுவிட்சின் உள்தகடு கிழிந்துவிட்டது, யோசிக்காமல் மாற்றலாம்.

முள் உள்ள மீட்டர் இருப்பவர்கள் அதையும் முழுதாக நம்ப வேண்டாம். ஃபோர்டு நிறுவனம் பல ஆண்டுகளாகப் பல மாடல்களில் வைத்த ஆயில் மீட்டர், உண்மையில் ஒரு சுவிட்சோடு இணைந்தது. சுமார் 6 பிஎஸ்ஐ இருந்தாலே முள் நடுவில் நின்றுவிடும், 60 இருந்தாலும் அங்கேதான் நிற்கும். மஸ்டாவின் எம்எக்ஸ்-5 காரில் 1990-களின் தொடக்கத்தில் உண்மையான மீட்டர் இருந்தது. 1995 வாக்கில் அதுவும் இப்படி மாறிவிட்டது. உண்மையான முள் சூட்டில் இறங்கும், வேகத்தில் ஏறும். அதைப் பார்த்துப் பயந்து வொர்க்‌ஷாப்புக்கு ஓடியவர்களால் வந்த மாற்றம் இது என்று சொல்லப்படுகிறது. இதற்கு நேர்மாறாக, ஃபோக்ஸ்வாகனின் பழைய கோல்ஃப், ஜெட்டா கார்களில் இரண்டு சுவிட்சுகள். ஒன்று 0.3 பாரில் வேலை செய்யும். இன்னொன்று என்ஜின் 2000 சுற்றைத் தாண்டிய பிறகு 1.8 பார் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் பஸ்ஸர் அலறும். என்ஜினை மதித்துச் செய்த ஏற்பாடு என்றால் இதைத்தான் சொல்வேன்.

இத்தனையும் பார்த்த பிறகு எஞ்சும் ஒரே நேர்மையான வழி, சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் அடாப்டர் வைத்து மெக்கானிக்கல் கேஜை மாட்டுவது. மின்சாரம் எதுவும் இல்லாத, ஆயிலே நேராக முள்ளைத் தள்ளும் கேஜ். ஓரளவு வேலை செய்யும் எந்த வொர்க்‌ஷாப்பிலும் இருக்கும். ஹோஸ் சைலன்சர் பக்கமோ பெல்ட் பக்கமோ போகாமல் கட்ட வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இதற்குப் பிறகு: என்ஜினை ஸ்டார்ட் செய்து, “பாருங்க சார், 4 கிலோ காட்டுது” என்று சொல்லி உடனே கழற்றிவிடுவார்கள். குளிர்ந்த ஆயிலில் தேய்ந்துபோன என்ஜின்கூட 4 கிலோ காட்டும். கூலண்ட் சூடாவதைவிட ஆயில் சூடாக அதிக நேரமாகும். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு மூன்று முறை ஓடி நிற்கும்வரை விட்டு, ஐடிலில் ஒருமுறை, 2000 சுற்றில் ஒருமுறை, 3000-க்கு மேல் ஒருமுறை எண்ணை எழுத வேண்டும். டேஷ்போர்டு விளக்கு மினுக்கும் அதே நேரத்தில் கேஜ் என்ன சொல்கிறது என்பதுதான் விடை. எழுதிய எண்களை அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஆயிரம் சுற்றுக்குப் 10 பிஎஸ்ஐ என்று காலங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு எல்லா என்ஜினுக்கும் பொருந்தாது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் வி8 என்ஜின்களுக்குச் சூடான நிலையில் கேட்பதே 1000 சுற்றில் 6, 2000-இல் 18, 4000-இல் 24 பிஎஸ்ஐதான்.

அந்த நிறுவனத்தின் 5.3 லிட்டர் வி8 என்ஜினைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். செவர்லே சில்வராடோ, டாஹோ போன்ற வண்டிகளில் லட்சக்கணக்கில் ஓடிய என்ஜின் அது. அளக்காமல் முடிவுகட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 2003 முதல் 2006 வரையிலான வண்டிகளில் மீட்டருக்குள் முள்ளைத் திருப்பும் சின்ன மோட்டார்கள் பழுதாகி, அழுத்தம் நன்றாக இருக்கும்போதே முள் பூஜ்யத்தில் விழுந்தது. தேவையில்லாதபோது சில சிலிண்டர்களை ஓய்வில் விடும் ஏற்பாடு வந்த பிறகு, 2007 வாக்கிலிருந்து, என்ஜினின் பின்பக்கம் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சென்சாரின் அடியில் விரல்நுனியளவு வலை ஒன்று வைத்தார்கள். அதில் கசடு அடைத்தால் சென்சாருக்கு ஆயில் போய்ச்சேராது. முள் இறங்கும், எச்சரிக்கை வரும், என்ஜின் நலமாகவே இருக்கும். சென்சாரை மட்டும் புதிதாகப் போட்டு வலையை விட்டுவிட்டவர்களுக்கு அதே எச்சரிக்கை திரும்ப வந்தது. இதே என்ஜின் குடும்பத்தில் மூன்றாவதாக ஒரு குறையும் உண்டு, இது உண்மையான குறை. ஸ்ட்ரெய்னர் குழாய் பம்ப்போடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் ஓரிங் இறுகிப்போனால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் அழுத்தம் ஏறத் தாமதமாகும், மேலே லிஃப்டர்கள் டிக் டிக் என்று சத்தம் போடும், கேஜ் முள் நடுங்கும். சம்ப்பில் தற்காலிகமாகக் கொஞ்சம் ஆயில் கூடுதலாக ஊற்றி ஐடிலில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது அங்குள்ள மெக்கானிக்குகளின் வழி. ஓரிங் ஆயிலில் மூழ்கி அழுத்தம் தேறினால் குற்றவாளி அதுதான். உடனே அந்தக் கூடுதல் ஆயிலை வடித்துவிட வேண்டும். முள் சொல்லும் சேதி மூன்றிலும் ஒன்றுதான். காரணங்கள் மூன்று இடத்தில், செலவு மூன்று விதம்.

இப்போது, வேகமாக ஓடியபின் எரிந்து, ஓய்வுக்குப் பின் சரியாகும் விளக்கு. வந்து வந்து போகும் கோளாறுகளில் மெக்கானிக்கை அதிகம் ஏமாற்றுவது இதுதான். ஸ்ட்ரெய்னர் வலைக்குக் கீழே சம்ப்பில் கசடோ, சம்ப்பை ஒட்டும்போது அள்ளிப் பூசிய சிலிகான் பேஸ்ட்டின் துணுக்குகளோ கிடக்கும். என்ஜின் வேகமெடுத்து உறிஞ்சல் கூடக்கூட இவை மேலே எழுந்து வலையில் ஒட்டிக்கொள்கின்றன. பம்ப்புக்கு ஆயில் கிடைப்பதில்லை. என்ஜினை அணைத்ததும் உறிஞ்சல் நிற்கிறது, துணுக்குகள் உதிர்ந்து கீழே படிகின்றன. மறுபடி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகத் தெரிகிறது. கட்டிவந்த வண்டி வொர்க்‌ஷாப்பில் நல்ல அழுத்தம் காட்டும். சென்சாரை மாற்றி அனுப்புவார்கள். அடுத்த நெடும்பயணத்தில் என்ஜின் பிடித்துக்கொள்ளும். இதைச் சோதிக்க, கேஜை மாட்டியபடியே நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அல்லது சம்ப்பைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். சம்ப் கழற்றுவது பல கார்களில் அரைநாள் வேலை. பேரிங் மாற்றும் செலவை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை.

கசடு தானாக வருவதில்லை. ஆயிலை நாள் கடத்தி மாற்றுவதும், எப்போதும் குறைந்த தூரமே ஓட்டி ஆயில் முழுதாகச் சூடாக விடாததும் முக்கியக் காரணங்கள். என்ஜின் வடிவமைப்புக்கும் பங்கு உண்டு: 1990-களின் கடைசியில் வந்த டொயோட்டா, ஃபோக்ஸ்வாகன், சாப் நிறுவனங்களின் சில என்ஜின்கள் கசடு கட்டுவதில் பெயரெடுத்தன. இப்போது ஆயிலுக்குள்ளேயே ஓடும் ரப்பர் பெல்ட்டுகள் வந்திருக்கின்றன. அவை நைந்தால் ரப்பர் துகள் நேராக ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும். ஆயில் பம்ப்பை ஓட்டும் இத்தகைய பெல்ட்டின் டென்ஷனர் உடைந்து அழுத்தம் போய்விடலாம் என்பதற்காக 2023 இறுதியில் ஃபோர்டு அமெரிக்காவில் 1.0 லிட்டர் எக்கோஸ்போர்ட் கார்களைத் திரும்ப அழைத்தது. அங்கே விற்ற எக்கோஸ்போர்ட்டுகள் நம் மறைமலை நகர் ஆலையிலிருந்து கப்பலேறியவை.

நம் சாலைகளுக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. கல்லிலோ உயரமான வேகத்தடையிலோ அடிபட்டு சம்ப் உள்பக்கமாக நசுங்கும். ஒழுகாததால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் நசுங்கிய தகடு ஸ்ட்ரெய்னரின் வாயை நெருங்கி அடைத்திருக்கும். ஐடிலில் போதும்போதாமல் கிடைக்கும் ஆயில், வேகத்தில் போதாமல் போகும். பிரஷர் குறை சொல்லி வண்டி வந்தால் லிஃப்டில் ஏற்றிச் சம்ப்பின் அடியை ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்ல மெக்கானிக்கின் வழக்கம்.

மெக்கானிக்கல் கேஜும் ஐடிலில் குறைவாகக் காட்டி, வேகம் கூடக்கூட ஒழுங்காக ஏறினால், பேரிங் தேய்மானம் அல்லது மெலிந்த ஆயில். வேகம் கூட்டியும் ஓரளவுக்கு மேல் ஏறாமல் நின்றால் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது உறிஞ்சும் பக்கம் அடைப்பு. அண்மைக்கால என்ஜின்களில் கணினியே பம்ப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. அங்கே குறைந்த வேகத்தில் முள் இறங்குவது வடிவமைப்பாகவே இருக்கலாம், மேனுவலைப் பார்க்காமல் பழுது என்று சொல்லக் கூடாது. பேரிங் மேல் சந்தேகம் வந்தால் ஆயிலை வடித்து, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்க்கலாம். வெள்ளி மினுமினுப்பு தேய்மானத்தைச் சொல்கிறது; செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடித்தளம் தேயத் தொடங்கிவிட்டது. அந்த நிலையில் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். சீக்கிரம் பிடித்துவிட்டால் பேரிங்கோடு முடியும், தாமதித்தால் கிராங்கையும் கடைய வேண்டிவரும்.

இங்கே ஒரு வழக்கத்தைக் கண்டித்தாக வேண்டும். 0W-20, 5W-30 கேட்கும் என்ஜினில் விளக்கு மினுக்கினால் 20W-50 ஊற்றி அணைத்துவிடுவது. கெட்டி ஆயில் கசிவைக் குறைத்து முள்ளை ஏற்றும் என்பது உண்மைதான். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருக்கும். காலை ஸ்டார்ட்டில் ஆயில் மேலே கேம்ஷாஃப்ட்டுக்குப் போய்ச்சேரத் தாமதமாகும். வால்வு நேரத்தை மாற்றும் நுட்பமான பாகங்கள் திணறும். பழைய காரை விற்பவர்கள் இதைச் செய்வதுண்டு என்பதால், வாங்குபவர்கள் ஓட்டிப் பார்த்துச் சூடேற்றிய பிறகே ஐடிலில் விளக்கைக் கவனிக்க வேண்டும். கசடு நிறைந்த என்ஜினில் ஃப்ளஷ் திரவம் ஊற்றுவதும் ஆபத்து. சுவரில் ஒட்டிக் கிடந்த கசடு பெயர்ந்து மொத்தமாக ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும். சம்ப்பைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்வதே சரி.

கேஜ் நல்ல அழுத்தம் காட்டும்போதே விளக்கு மினுக்கினால் நிம்மதியாகச் சுவிட்சை மாற்றுங்கள். மரையில் டெஃப்லான் டேப்பை வரிந்து சுற்ற வேண்டாம். சுவிட்ச் பாடி வழியாகத்தான் எர்த் ஆகிறது, டேப் அதைக் கெடுத்துவிடும். கேஜைக் கழற்றும் முன், அந்த நாளின் கிலோமீட்டர், ஊற்றியிருக்கும் ஆயிலின் கிரேடு, சூடான ஐடில் அழுத்தம், 2000 சுற்று அழுத்தம் நான்கையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை விளக்கு மினுக்கினால் மெக்கானிக் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உங்கள் வண்டியின் சொந்த எண்களே கையில் இருக்கும்.